சொந்தப் படகில் 28 கடல் மைல் திறந்த கடலைக் கடந்து பவளத் தீவுக்குச் செல்வது எப்படி?

நீல்வெளி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் 7 மீட்டர் நீளமுள்ள, மேல்தளம் மூடப்படாத கண்ணாடியிழைப் படகு ஒன்று இருக்கிறது. அதில் 90 குதிரைத்திறன் கொண்ட ஒரே ஓர் அவுட்போர்டு இயந்திரம் பொருத்தப்பட்டுள்ளது. விரிகுடாவுக்குள்ளும் கரையை ஒட்டியும் அதை நெடுங்காலமாக ஓட்டி வருகிறேன். ஆனால் கரை கண்ணை விட்டு மறையும் தொலைவுக்கு இதுவரை சென்றதில்லை.

எங்கள் கரைக்கு நேர் கிழக்கே 28 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 52 கிலோமீட்டர் தொலைவில், மனிதர் வாழாத தாழ்வான பவளத் தீவு ஒன்று உள்ளது. அதைச் சுற்றிப் பவளப்பாறை வளைந்திருக்கிறது. மேற்குப் பக்கத்தில் மட்டும் படகு நுழையத்தக்க வாய் ஒன்று இருப்பதைக் கடல் வரைபடம் காட்டுகிறது. நானும் மனைவியும், தம்பியும் மைத்துனருமாக நால்வர் அங்கே இரண்டு இரவுகள் தங்கித் தீவை நடந்து பார்க்க விரும்புகிறோம். அதற்கு உரிய அனுமதியைப் பெற்றுவிட்டோம். இது கிழக்குக் காற்று வீசும் பருவம். வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு மாலைக்குள் திரும்பிவிட வேண்டும், ஏனெனில் திங்களன்று நால்வருக்கும் வேலை இருக்கிறது.

அமைதியான நீரில் மணிக்கு 14 கடல் மைல் வேகத்தில் ஓடும்போது, ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் எரிபொருள் செலவாகிறது. இந்தப் படகு இப்பயணத்துக்குப் போதுமானதா, எவ்வளவு எரிபொருள் கொண்டுசெல்ல வேண்டும், பவளப்பாறையின் வாய்க்குள் எப்படி நுழைவது, தீவில் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அணியம் (மறுமொழி)

வணக்கம். உங்கள் பதிவில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்தது, ஞாயிறு மாலைக்குள் திரும்பியே ஆக வேண்டும் என்ற வரி. படகின் நீளத்தைப் பற்றியும் ஒற்றை இயந்திரத்தைப் பற்றியும் பிறகு பேசலாம். புறப்படும் நாளை நாம் தேர்ந்தெடுக்கலாம். காற்று பலமாக இருந்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம். திரும்பும் நாளில் அந்தச் சுதந்திரம் இல்லை என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டால், தீவில் நிற்கும்போது கண்ணெதிரே கடல் வெள்ளையாக நுரைத்துக் கிடந்தாலும் 'இவ்வளவுதானே, சமாளித்துவிடலாம்' என்று மனம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். சிறு படகுகள் கடலில் கவிழ்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இத்தகைய ஒரு வாக்குறுதி இருக்கிறது. ஆகவே திங்கள், செவ்வாய் இரு நாள்களையும் நால்வரும் விடுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஒரே இரவு மட்டும் தங்குங்கள். இது முடியாதென்றால், இந்த ஆண்டு போக வேண்டாம் என்பதே என் கருத்து.

வானிலை முன்னறிவிப்பைப் படிக்கும்போது அலையின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதில் தரப்படும் உயரம், வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான். அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு உயரமான தனி அலையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வரக்கூடும். உயரத்துக்கு இணையாக, அடுத்தடுத்த இரு அலை முகடுகளுக்கு இடையே எத்தனை நொடிகள் என்பதையும் பாருங்கள். 10 நொடி இடைவெளியில் வரும் ஒன்றரை மீட்டர் அலை உங்கள் படகை மெல்லத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். அதே ஒன்றரை மீட்டர் 5 நொடி இடைவெளியில் வந்தால் செங்குத்தாக எழுந்து, மூடப்படாத படகுக்குள் நீரை வாரி இறைக்கும். கிழக்குக் காற்றில் போகும்போது அலை அணியத்தில் (படகின் முன்முனையில்) மோதும். உடம்பு வலிக்கும், நனையும், ஆனால் படகு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். திரும்பும்போது அலை அமரத்தின் (படகின் பின்முனையின்) பின்னாலிருந்து வரும். பயணம் சுகமாகத் தோன்றும் அந்த நிலையில்தான், படகு அலையின் முகட்டிலிருந்து சரிந்து முன்னலைக்குள் அணியத்தைக் குத்தி, பக்கவாட்டில் திரும்பிக் கவிழும் ஆபத்து இருக்கிறது. வேகத்தைக் குறைத்து, முன்னால் செல்லும் அலையின் முதுகிலேயே தங்கி ஓட்டும் பழக்கத்தைக் கரையோரக் கடலில் இப்போதே பயிலுங்கள். அது எழுத்தில் கற்கக்கூடியது அன்று.

எரிபொருளுக்குக் கடலோடிகள் பின்பற்றும் பழைய கணக்கு ஒன்று உண்டு: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பாக ஒரு பங்கு. போக வர 56 லிட்டர் என்றால், மொத்தம் 84 லிட்டர் என்று ஆகும். ஆனால் உங்கள் அளவு அமைதியான நீரில், இலகுவான படகில் எடுத்தது. எதிரலையில் வேகம் குறைந்து படகு நீரின் மேல் சறுக்கி ஓடாமல் நீரைக் கிழித்துக்கொண்டு போக நேர்ந்தால், அதே தொலைவுக்கு ஒன்றரை மடங்கு செலவாகலாம். தீவைச் சுற்றி வரவும் கொஞ்சம் வேண்டும். எனவே 120 லிட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ 90 கிலோ எடை. குடிநீர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம், மூன்று நாளுக்கும் மேலதிக இரண்டு நாளுக்குமாகச் சேர்த்து 80 லிட்டர். அது 80 கிலோ. நான்கு பேர், கூடாரம், நங்கூரங்கள், உணவு எல்லாம் ஏறிய பிறகு உங்கள் படகு நீங்கள் அறிந்த படகாக இருக்காது. ஆகவே அதே எடையை ஏற்றிக்கொண்டு விரிகுடாவில் அரை நாள் ஓட்டி, வேகத்தையும் செலவையும் மறுபடி அளந்து பாருங்கள். உற்பத்தியாளர் படகில் பொறித்திருக்கும் எடை வரம்பைத் தாண்டினால் கூடாரத்தைக் குறையுங்கள், நீரைக் குறைக்காதீர்கள்.

ஒற்றை இயந்திரத்தைப் பற்றி: தனி எரிபொருள் கலன் கொண்ட சிறிய துணை இயந்திரம் ஒன்று இல்லாமல் கரை மறையும் தொலைவுக்குச் செல்ல வேண்டாம். தனிக் கலன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெரிய இயந்திரம் நடுக்கடலில் நிற்பதற்கு அடிக்கடி காரணமாவது எரிபொருளில் கலந்த நீரும் அழுக்கும்தான். அதே கலனிலிருந்து குடிக்கும் துணை இயந்திரமும் அதே காரணத்தால் நின்றுவிடும். துணை இயந்திரத்தில் மணிக்கு 5 கடல் மைல் போனால் 28 கடல் மைலுக்கு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்நேரம் முழுதும் மணிக்கு 1 கடல் மைல் நீரோட்டம் வடக்கே தள்ளினால், நீங்கள் ஐந்தரை மைல் வடக்கே போய்ச் சேர்வீர்கள். அதைச் சரிக்கட்ட அணியத்தை நீரோட்டத்துக்கு எதிராக ஏறத்தாழ 12 பாகை திருப்பி ஓட்ட வேண்டும். 14 மைல் வேகத்தில் 4 பாகை போதும். ஜிபிஎஸ் கருவியில் தீவின் திசையை மட்டும் நோக்கி ஓட்டினால் படகு வில்போல் வளைந்து அதிகத் தொலைவு செல்லும். வகுத்த நேர்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறீர்கள் என்று அக்கருவி காட்டும் அளவைப் பார்த்து ஓட்டுங்கள்.

கலங்கரை (மறுமொழி)

அணியம் எழுதிய அனைத்தையும் ஏற்கிறேன். வாய்க்குள் நுழைவது பற்றி மட்டும் நான் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் பயணத்தின் மிகக் கடினமான சில நூறு மீட்டர்கள் அங்கேதான் இருக்கின்றன.

முதலில் ஓர் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். தீவு வெகு தொலைவிலிருந்து தெரியாது. உங்கள் கண் நீர்மட்டத்துக்கு மேல் 2 மீட்டரில் இருந்தால் தொடுவானம் 3 கடல் மைலுக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கும். தீவின் தென்னைகள் 15 மீட்டர் உயரமென்றால், அவற்றின் உச்சி தெளிந்த வானில் 11 கடல் மைலில்தான் தொடுவானத்துக்கு மேல் எழும். முதல் 17 மைலுக்கு எதிரே நீரைத் தவிர எதுவும் இராது. அதைக் கண்டு பதறிப் போக்கை மாற்ற வேண்டாம். பசிபிக் கடலோடிகள் கருவிகள் இல்லாமல் தீவுகளைக் கண்டடைந்தது மரத்தைப் பார்த்து மட்டுமன்று. மற்ற மேகங்கள் நகரும்போது தீவின் மேல் அசையாமல் நிற்கும் திரள்மேகம், ஆழமற்ற கடற்காயலின் பச்சை நிறம் பட்டு மேகத்தின் அடிப்பகுதியில் தோன்றும் மென்பச்சைச் சாயல், காலையில் தீவிலிருந்து கடலுக்கும் மாலையில் கடலிலிருந்து தீவுக்கும் நேராகப் பறக்கும் ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் ஆகியவற்றை அவர்கள் வாசித்தார்கள். 1976 இல் ஹோகுலேயா என்ற இரட்டை ஓடக் கலத்தை ஹவாயிலிருந்து தாஹிதிக்கு மாவ் பியாலுக் என்ற கடலோடி கருவிகளின்றி வழிநடத்தியது இவ்வறிவைக் கொண்டுதான். உங்களிடம் ஜிபிஎஸ் இருக்கும். என்றாலும் இந்த அடையாளங்களை வழிநெடுகப் பாருங்கள். கருவி பழுதானால் அவை உதவும், பழுதாகாவிட்டால் பயணம் செழுமையடையும்.

வரைபடம் காட்டும் வாயை மீட்டர் கணக்கில் நம்பக்கூடாது. ஆள் இல்லாத தீவுகள் பலவற்றின் அளவீடு செயற்கைக்கோள்கள் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்னே எடுக்கப்பட்டது. திரையில் உங்கள் படகு வாயின் நடுவே இருப்பதாகத் தெரியும்போது, உண்மையில் அது பாறையின் மேல் இருக்கக்கூடும். அண்மைக்காலச் செயற்கைக்கோள் படத்தைப் பதிவிறக்கி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கடைசியில் கண்ணையே நம்ப வேண்டும். ஒருவர் அணியத்தில் நின்று, எதிரொளியை வடிகட்டும் போலராய்டு கண்ணாடி அணிந்து நீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கருநீலம் ஆழம், வெளிர்நீலமும் இளம்பச்சையும் மணல் படிந்த ஆழமற்ற நீர், பழுப்பும் மஞ்சளும் நீர்மட்டத்துக்கு அருகில் வந்துவிட்ட பவளம். மேகத்தின் நிழலும் கடற்புல்லும் கூடக் கருமையாகத் தெரியும். நிழல் நகரும் என்பதால் சற்று நின்று பார்த்தால் வேறுபாடு புலப்படும்.

இந்த நிறங்கள் சூரியன் உயரத்திலோ உங்கள் முதுகுக்குப் பின்னாலோ இருக்கும்போதுதான் தெரியும். நீங்கள் நுழையும் வாய் தீவின் மேற்கே இருக்கிறது. நீங்கள் கிழக்கு நோக்கி நுழைவீர்கள். விடியலில் புறப்பட்டு எட்டரை மணிக்குச் சேர்ந்தால் சூரியன் நேர் எதிரே இருக்கும். நீர் முழுதும் ஒரே வெள்ளி மினுக்கமாக இருக்கும், பாறை எதுவும் தெரியாது. அதற்காகத் தாமதமாகப் புறப்படவும் வேண்டாம், ஏனெனில் பகல் ஏற ஏறக் காற்றும் வலுக்கும். விடியலிலேயே கடலைக் கடந்துவிடுங்கள். தீவின் மேற்குப் பக்கம் காற்று மறைவாக இருக்கும், வாய்க்கு வெளியே பாறையிலிருந்து நன்கு விலகிப் பத்தரை மணி வரை காத்திருங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் வாயை வேடிக்கை பார்ப்பதே உங்களுக்குப் பெரிய பாடம்.

எதைப் பார்க்க வேண்டுமென்றால், நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை. கிழக்குப் பக்கப் பாறையின் மேல் உடையும் அலைகள் ஓயாமல் நீரை உள்ளே கொட்டிக்கொண்டிருக்கின்றன. அந்நீர் வெளியேற மேற்கு வாயைத் தவிர வேறு வழியில்லை. எனவே ஓதம் (கடல் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) ஏறிக்கொண்டிருக்கும்போதுகூட வாயில் நீர் வெளிநோக்கி ஓடலாம். ஓதம் வற்றும்போது அது ஆறுபோல் பாயும். வெளிநோக்கிப் பாயும் நீரும் உள்நோக்கி வரும் பேரலையும் மோதுமிடத்தில் அலைகள் செங்குத்தாக எழும். அப்படி இருந்தால் நுழையாதீர்கள். ஓட்டம் தணியும் நேரம் ஓத அட்டவணையில் உள்ள நேரத்தோடு பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். நுழைந்த பாதையை ஜிபிஎஸ் கருவியில் பதிந்துகொண்டால், அவசரத்தில் வெளியேற அதுவே வழியாகும். திரும்பும் நாளில் காலை எட்டு மணிக்கு மேற்கு நோக்கி வெளியேறுவீர்கள். அப்போது சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கவலையில்லை.

உள்ளே மணல் தரையில் மட்டும் நங்கூரம் இடுங்கள். நீரின் ஆழம் 4 மீட்டர், ஓதம் இன்னும் ஒரு மீட்டர் ஏறும், அணியம் நீருக்கு மேல் ஒரு மீட்டர் என்றால் மொத்தம் 6 மீட்டர். அதன் ஏழு மடங்காக 42 மீட்டர் கயிறு விட வேண்டும். நைலான் கயிற்றைப் பவளம் ஒரே இரவில் அறுத்துவிடும், ஆகவே நங்கூரத்தை ஒட்டிச் சில மீட்டர் சங்கிலி கட்டாயம் இருக்க வேண்டும். இரவில் மழைக்காற்று திசை மாறினால் படகு முழு வட்டமாகச் சுழல இடம் இருக்கிறதா என்று பார்த்து இடுங்கள்.

ஆலா (மறுமொழி)

தீவைப் பற்றி நான் சொல்கிறேன். புறப்படும் முன் மூட்டை முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, எலியும் எறும்பும் விதையும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே ஏற்றுங்கள். இதை நான் முதலில் எழுதுவதற்குக் காரணம், மனிதர் ஒருநாள் கவனக்குறைவாக இருந்தால் தீவுக்குப் பல தலைமுறைகளுக்குச் சேதம் ஏற்படும் என்பதுதான். பவளத் தீவில் கடற்பறவைகள் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. கருவுற்ற ஒரே ஓர் எலி இறங்கினாலும் அவற்றுக்கு மறைவிடம் இல்லை. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் எலி உள்ள தீவுகளையும் எலி இல்லாத தீவுகளையும் ஒப்பிட்டு 2018 இல் வெளியான ஆய்வு, எலி இல்லாத தீவுகளை அடுத்த பவளப்பாறைகளில் மீன்களின் மொத்த எடை 48 விழுக்காடு அதிகம் என்று கண்டது. பறவைகளின் எச்சம் நிலத்துக்கும் அங்கிருந்து கடலுக்கும் உரமாகிறது. பறவை போனால் பாறையும் மெலிகிறது. பசிபிக்கின் பால்மைரா தீவில் 2011 இல் எலிகள் முற்றாக ஒழிக்கப்பட்ட பிறகு, அங்கே நாட்டு மரங்களின் கன்றுகள் பெருகி எழுந்தன.

நடக்கும்போது ஆலாக்கள் கூட்டமாக எழுந்து தலைக்கு மேல் கத்தினால், நீங்கள் முட்டைகளுக்கு நடுவே இருக்கிறீர்கள் என்று பொருள். உடனே வந்த வழியே திரும்புங்கள். நண்பகல் வெயிலில் தாய்ப்பறவை எழுந்த சில நிமிடங்களில் முட்டைக்குள் உள்ள குஞ்சு இறந்துவிடக்கூடும். இரவில் கடற்கரையில் வெள்ளை விளக்கு எரிக்க வேண்டாம். முட்டையிட வரும் ஆமை திரும்பிப் போய்விடும். முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்துபோகும்.

உங்கள் உடலுக்கு வரக்கூடிய தீங்குகளில் மூன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். அழகான கூம்புச் சங்குகளைக் கையில் எடுக்காதீர்கள்; அவற்றில் சிலவற்றின் நஞ்சு மனிதரைக் கொல்லும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆழமற்ற நீரில் தடித்த அடி கொண்ட காலணியோடு நடங்கள். கல்மீனின் முள் குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான, ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ் நீரில் காலை வைத்திருப்பது வலியைக் குறைக்கும், ஆனாலும் மருத்துவ உதவியை நாடியே ஆக வேண்டும். மூன்றாவதாக, பிடித்துச் சமைக்கலாம் என்று நம்பி உணவைக் குறைத்துக்கொண்டு செல்லாதீர்கள். பவளப்பாறையில் வாழும் பெரிய சீலா, களவா, அஞ்சாலை போன்ற மீன்களில் சிகுவாட்டெரா என்னும் நச்சுநோயை உண்டாக்கும் நஞ்சு சேர்ந்திருக்கலாம். அது மணத்திலோ சுவையிலோ தெரியாது, கொதிக்க வைத்தாலும் அழியாது. கூடாரத்தைத் தென்னையின் கீழ் அடிக்க வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையிருக்காது என நினைக்கிறேன், ஆயினும் நிழல் தேடும் மனம் அங்கேதான் போகும்.

நீல்வெளி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவியோடும் தம்பியோடும் பேசினேன். திங்கள், செவ்வாய் இரு நாளும் விடுப்புக் கேட்க முடிவுசெய்திருக்கிறோம். மைத்துனருக்கு விடுப்புக் கிடைக்காவிட்டால் அவர் கரையில் இருப்பார். துணை இயந்திரம் ஒன்றைத் தனிக் கலனோடு பொருத்தவிருக்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம்: கையில் பிடிக்கும் விஎச்எஃப் வானொலி ஒன்று வைத்திருக்கிறேன், கைப்பேசிகளும் உண்டு. உதவி கோர இவை போதுமா?

அணியம்

போதாது. கைப்பேசிக்கு அங்கே அலைவரிசை கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். விஎச்எஃப் வானொலியின் அலை ஏறத்தாழப் பார்வைக்கோட்டில்தான் செல்லும். நீர்மட்டத்தை ஒட்டிய கையடக்கக் கருவி, அருகில் செல்லும் கப்பலை 16 ஆம் அலைத்தடத்தில் அழைக்க உதவும், ஆனால் நடுவழியிலிருந்து கரைக்கு எட்டும் என்று நம்ப முடியாது. 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கி, கோஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்கள் வழியாக மீட்பு மையத்துக்குச் செய்தி அனுப்பும் அவசரக் குறிகாட்டி ஒன்றை வாங்குங்கள். படகுக்கானது குறைந்தது 48 மணி நேரமும், உடலில் அணியும் சிறியது குறைந்தது 24 மணி நேரமும் குறி அனுப்பும். வாங்கியதும் உங்கள் பெயரிலும் படகின் பெயரிலும் பதிவுசெய்வது மிக முக்கியம். பதிவு இருந்தால்தான் மீட்பு மையம் உங்கள் வீட்டாரை அழைத்து, எத்தனை பேர், எந்தப் படகு என்று உடனே அறிய முடியும். அதைப் பெட்டிக்குள் வைக்காமல், படகு கவிழ்ந்தாலும் கைக்கு எட்டும் இடத்தில் கட்டி வையுங்கள். படகு கவிழ்ந்தால் அதை விட்டு நீந்திப் போகக்கூடாது என்பதையும் நால்வருக்கும் சொல்லிவிடுங்கள். மேலிருந்து தேடுபவருக்கு மனிதத் தலையைவிடக் கவிழ்ந்த படகு எளிதில் தெரியும். மிதவைச் சட்டைகளைப் புறப்படும்போதே அணியுங்கள், அலையின் நடுவே எடுத்து மாட்ட இயலாது. இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு ஓட்டுபவரின் உடலில் எப்போதும் கட்டியிருக்கட்டும்.

கலங்கரை

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். மைத்துனர் கரையில் இருப்பதாக இருந்தால் அவரையே பொறுப்பாளராக்குங்கள். படகின் நிறம், நீளம், போகும் பாதை, நங்கூரம் இடும் இடம், ஆள்களின் பெயர், குறிகாட்டியின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். இரண்டு நேரங்களைத் தனித்தனியாக எழுதுங்கள்: நீங்கள் திரும்ப எதிர்பார்க்கும் நேரம் ஒன்று, அவர் கடலோரக் காவல் படையை அழைக்க வேண்டிய நேரம் மற்றொன்று. வானிலை காரணமாகத் தீவில் மேலும் தங்க நேர்ந்தால் அதைத் தெரிவிக்கச் செயற்கைக்கோள் வழிக் குறுஞ்செய்திக் கருவி ஒன்று இருப்பது நல்லது. அது இல்லையென்றால் இரண்டாவது நேரத்தைச் செவ்வாய் மாலை என்று குறியுங்கள். ஞாயிறு மாலை என்று குறித்தால், நீங்கள் பத்திரமாகத் தங்கியிருக்கும்போது தேடுதல் தொடங்கிவிடும், அல்லது அதைத் தவிர்ப்பதற்காகவே நீங்கள் மோசமான கடலில் புறப்படுவீர்கள்.